தசமி வரைக்கும்

சொந்த வீட்டில் நடக்காத வாக்கியத்தைத் தானியேல் ஏற்றுக்கொள்வதில்லை. ராமன் பள்ளிக்கூடம் போனான், பசு புல் தின்றது என்று சுப்பிரமணி இங்கிலீஷில் ஆரம்பித்தால் கையை ஆட்டி நிறுத்திவிடுவான்.

"எந்த ராமன்? உங்க தெருவுல கீறானா? உன் ஊட்டுக் கதையைச் சொல்லுப்பா. அப்பத்தான் நாக்குல ஒட்டும்."

பொன்னேரி ரைஸ்மில்லில் தானியேல் டைப்பிஸ்ட். சுப்பிரமணி நெல் எடை பார்த்துச் சீட்டு எழுதுகிறவன். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆந்திரா பிரிந்து போன மறு வருஷம், ஐப்பசி மாதம். சர்க்கார் கிளார்க் பரீட்சை வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டணத்தில். சுப்பிரமணி அதற்கு மனுப் போட்டிருந்தான். கணக்கில் அவனுக்குப் பயமில்லை. இங்கிலீஷில்தான், அதிலும் இந்தச் சின்ன வினைச்சொற்களில்தான், கால் வழுக்கியது. புட் என்றால் வை. அது தெரியும். அதன் வாலில் இன்னொரு சொல்லைக் கட்டிவிட்டால் புட் ஆன், புட் அவுட், புட் அப் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசைக்கு ஓடியது.

மதியச் சாப்பாட்டுக்கு மில் நிற்கும். பெல்ட்டின் சத்தம் அடங்கியதும் இருவரும் தவிட்டு மூட்டைகளின் மேல் தூக்குச்சட்டியோடு உட்காருவார்கள். அந்த வியாழக்கிழமை புட் ஆஃப்.

"தள்ளிப்போடுறது," என்றான் தானியேல். "இன்னிக்குச் செய்ய வேண்டியத நாளைக்குன்றது. நம்ம ஜனங்களுக்குன்னே வெள்ளக்காரன் செஞ்சு வச்சுட்டுப் போனான். உங்க ஊட்ல யாரு எத புட் ஆஃப் பண்ணாங்க?"

சுப்பிரமணி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "மதர் புட் ஆஃப் த பேங்கிள் பங்ஷன்."

"பேஷ். ஏன்?"

"பங்காளி ஊட்ல சாவு."

உண்மைதான். அவன் மனைவி பூவம்மாளுக்கு ஏழாம் மாதத்தில் வளைகாப்பு வைத்திருந்தார்கள். முதல் நாள் பங்காளி ஒருவர் போய்ச் சேர்ந்தார். தீட்டு. எட்டாம் மாதம் ஆகாது. ஒன்பதாம் மாதத்துக்கு மாற்றினாள் அவன் அம்மா முத்தம்மாள். வளையல் பூட்டாமல் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. தாய்வீடு பொன்னேரியில்தான், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடு தூரத்தில். நடுவில் ஆரணி ஆறு மட்டும்.

"ஆளையும் புட் ஆஃப் பண்ணலாம்," என்றான் தானியேல். "வாசல்ல வந்து நிக்கிறவன அப்பால வான்னு அனுப்புறது. சொல்லு."

"ஃபாதர் இன் லா கேம். மதர் புட் ஹிம் ஆஃப்."

"அட! ஆள நடுவுல சொருகிட்டியே. உங்கம்மா இல்லன்னா உனக்கு இங்கிலீஷே வராது போல கீதே." தானியேல் தொடையில் தட்டிச் சிரித்தான். "இன்னொண்ணு கீது. ஒரு நாத்தம், ஒரு ருசி, நம்மள விரட்டுதில்ல, அதுவும் புட் ஆஃப்தான்."

"த ஸ்மெல் ஆஃப் ரைஸ் புட்ஸ் ஆஃப் மை வைஃப்."

"மாசமா இருந்தா சகஜம்."

"மொதல்ல இல்லப்பா. இந்த வாரமாத்தான். சோறு வடிச்சா வாந்தி."

தானியேல் அதைக் காதில் வாங்காமல் தூக்குச்சட்டியை அலம்பினான். "இன்னொண்ணு."

சுப்பிரமணிக்கு உற்சாகம் வந்திருந்தது. வீட்டை நினைத்தால் வாக்கியம் தானாக வந்தது. "மை வைஃப் புட் ஆஃப் ஹெர் மெட்டி."

"தப்பு. கழட்டுறதுக்கு டேக் ஆஃப். புட் ஆஃப்னு எங்க தாத்தா காலத்துல..." தானியேலின் கை நின்றது. "மெட்டிய ஏன் கழட்டினா?"

"காலு வீங்கிக்கினு கீது. விரல இறுக்கிச்சு. அம்மாதான் எண்ண போட்டு இஸ்தாங்க."

"மூஞ்சி?"

"காத்தால கண்ணே தொறக்க முடியல. அப்பால சரியாப் பூடுது. நீர் எறங்குது, ஆம்பளப் புள்ளன்றாங்க."

தானியேல் சட்டியை மூடினான். "எழுந்திரு."

"எங்க?"

"எங்க அக்காவுக்கு இப்படித்தான் வீங்கிச்சு."

"அப்பால?"

"எனக்கு ஒரு அக்கா கீதுன்னு உன்கிட்ட என்னிக்காச்சும் சொல்லியிருக்கேனா?"

ஆஸ்பத்திரி நர்சம்மா கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். தலைவலி உண்டா? உண்டு, இரண்டு நாளாகத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். கண் முன்னால் பூச்சி பறக்கிறது என்றாளா?

முந்தின நாள் சாயங்காலம் விளக்கைச் சுற்றிப் பூச்சி, விரட்டுங்க என்று பூவம்மாள் சொன்னாள். சுப்பிரமணி துண்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தான். பூச்சி ஒன்றும் இல்லை.

நர்சம்மா இப்போது திரும்பினாள். "இன்னிக்கே கூட்டியாங்க. பொழுது போறதுக்குள்ள. ஜன்னி வந்துரும், கைகால் இழுத்துக்கும். வந்தா ரெண்டு உசுரும் நம்ம கையில இல்ல."

"வந்தா இன்னா பண்றது?"

"வர்றதுக்கு முன்னாடி கூட்டியாங்கன்றேன். வந்தப்பால அடிச்சுப்போட்டா மாதிரி கெடப்பா. தூங்குறான்னு நெனச்சுக்கினு சும்மா இருக்காதீங்க. அது தூக்கம் இல்ல."

மில்லில் சொல்லிக்கொண்டு அவன் அப்போதே கிளம்பினான். மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கத் தேசப்பனின் தோணிதான். தேசப்பன் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்கிறவன். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே வந்து தோணி விடுவான். வானம் மூடியிருந்தது. ஆறு இன்னும் தரையோடு தரையாகத்தான் ஓடியது.

முத்தம்மாள் வாசலில் மருமகளுக்குக் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு அடுப்பிலிருந்து விறகை இழுத்து அணைத்தாள்.

"இன்னிக்கு இன்னா நாளு?"

"வியாயக்கெயம."

"அஷ்டமி. நாளைக்கு நவமி. நாளன்னிக்கு தசமி. வளையக்காரன வரச் சொல்லியாச்சு. காத்தால வளையல் பூட்டி, அஞ்சு வக சோறு ஆக்கிப்போட்டு, மதியமே உங்க மாமனாரோட அனுப்பிடுறேன். எனக்கு மட்டும் அவள வச்சுக்கினு அழகு பாக்கணும்னு ஆசையா?"

"நர்சம்மா இன்னிக்கேன்றாங்கம்மா."

"நர்சம்மாவுக்கு எத்தினி புள்ள?"

அவன் புகைகிற விறகைப் பார்த்தான்.

"எந்தங்கச்சி நெறமாசத்துல வெறுங்கையோட இந்த ஆத்தத் தாண்டினா," என்றாள் முத்தம்மாள். குரல் இறங்கியிருந்தது. "அந்தக் கரை போறதுக்குள்ள வயித்துல அசைவு நின்னுபோச்சு. வளையல் சத்தம் இருந்தா ஒண்ணும் அண்டாது. அது இல்லாம, அஷ்டமியில, ஆத்தத் தாண்டி... நான் மாட்டேண்டா நைனா. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் நர்சம்மாவா வந்து பதில் சொல்லுவா?"

அவள் பொய் சொல்லவில்லை. அந்தச் சித்தியை அவன் பார்த்திருக்கிறான். பிறகு அவளுக்குப் பிள்ளையே இல்லை.

உள்ளே பூவம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கட்டிலில் உட்கார்ந்தான். முகம் வழவழவென்று, யாருடையதோ போல இருந்தது.

"இன்னாங்க, பூசணிக்கா மாதிரி கீறேனா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. பரீட்சைக்குப் போறவரு." சிரிக்கப் பார்த்தாள். நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா இன்னா சொன்னாங்க?"

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. சனிக்கிழமை தசமி. இன்றைக்கே அழைத்துப் போனால் அம்மாவோடு சண்டை, ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரிகள், மாமனார் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடை. படித்ததெல்லாம் போய்விடும். சனிக்கிழமை என்றால் அவள் முறைப்படி அப்பா வீட்டுக்குப் போய்விடுவாள். அவனும் நிம்மதியாக ரயிலேறலாம். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே கூட இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

"தசமி அன்னிக்குன்றாங்க," என்றான்.

"நீங்க?"

"ரெண்டு நாளுதானே."

பூவம்மாள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அவனைத்தான் பார்த்தாளா, அவனுக்கு முன்னால் பறந்த எதையாவது பார்த்தாளா, தெரியவில்லை. "சரி," என்றாள். "அந்த வெளக்கக் கொஞ்சம் அப்படித் தள்ளி வையுங்க. கண்ண குத்துது."

விளக்கை எடுத்துக்கொண்டு அவன் முன்னறைக்குப் போனான். அந்த வெளிச்சத்திலேயே உட்கார்ந்து படித்தான். பிறகு படுத்தான். நன்றாகத் தூங்கினான்.

நவமியன்று விடியும்போதே மழை. பூவம்மாள் தலையைத் தூக்கவில்லை. கஷாயம் குடித்தாளா என்று கேட்டான். குடித்தாள், வாந்தி எடுத்துவிட்டாள் என்றாள் முத்தம்மாள். தோணியில் ஏறும்போது தேசப்பன் தண்ணீரை ஒரு கை அள்ளிக் காட்டினான்.

"பாரு நைனா, செவப்பா வருது. மேல நல்ல மழ."

"சாயங்காலம் தோணி உண்டா?"

"ஆத்தக் கேளு."

மில்லில் தானியேல் டைப்ரைட்டரின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் வாசல் பக்கம் பார்த்தான், பின்னால் யாராவது வருகிறார்களா என்று.

"ஆஸ்பத்திரியில உட்டுட்டு வர்றியா?"

"நாளைக்கு. தசமி. காத்தாலயே வளையல் பூட்டிட்டு..."

தானியேல் டைப்ரைட்டர் பக்கம் திரும்பினான். காகிதத்தைச் சொருகினான். கோணலாகப் போயிற்று. உருவி மறுபடி சொருகினான்.

மதியம் மில் நின்றது. சுப்பிரமணி தவிட்டு மூட்டையின் மேல் போய் உட்கார்ந்தான். தானியேல் வந்தான், உட்காரவில்லை.

"இன்னிக்கு வாக்கியம் வேணாம்," என்றான்.

"ஏன், நான் இன்னா வேணும்னா..."

"வேணாம்பா."

கூரைத் தகரத்தில் மழை அடித்தது. சுப்பிரமணி பிசைந்த சோற்றை அப்படியே மூடினான். இப்போது புறப்பட்டால் என்ன என்று தோன்றியது. எழுந்தான். மழை கொஞ்சம் விடட்டும் என்று மறுபடி உட்கார்ந்தான்.

மழை விடவில்லை. அதற்குள்ளேயே ஓடிவந்தார் வீரராகவன். பக்கத்து வீட்டுக்காரர். வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. மில் வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"சுப்பிரமணி, உம் பொண்டாட்டிக்கு இஸ்துக்கினு கீது. பல்லு கட்டிக்கிச்சு. கண்ணு மேல பூடுச்சு. கட்டிலோட தூக்கி ஆத்தங்கரைக்கு இட்டாந்து வச்சிருக்காங்க. வா, வா."

தானியேல் செருப்பைக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினான். சுப்பிரமணியும் வீரராகவனும் ஆற்றுக்கு ஓடினார்கள்.

காலையில் பார்த்த ஆறு இல்லை அது. கரையோரக் கருவேலஞ்செடிகள் தலை மட்டும் காட்டின. பிடுங்கி வந்த வாழை ஒன்று குலையோடு சுழன்றுகொண்டு போயிற்று. எதிர்க்கரையில் கட்டில் தெரிந்தது. சுற்றிலும் ஆட்கள். சாக்கைத் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள்.

தேசப்பன் தோணியை மரத்தில் கட்டிவிட்டுக் குந்தியிருந்தான்.

"இப்பத்தான் உசுரக் கையில புடிச்சுக்கினு இவர இட்டாந்தேன்," என்றான். "வேணாம் நைனா. கொஞ்சம் எறங்கட்டும். நானே வர்றேன், வரமாட்டேன்னு சொல்லல."

சுப்பிரமணி தோணிக்குள் இறங்கி உட்கார்ந்தான். கெஞ்சவில்லை. எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தேசப்பன் அவன் முதுகைப் பார்த்தான். எச்சிலைத் துப்பினான். கயிற்றை அவிழ்த்தான். வீரராகவன் தானாகவே கரையில் நின்றுகொண்டார்.

நேராகப் போக முடியவில்லை. மேலே ஏற்றி, சாய்ந்து, வெகுதூரம் கீழே போய் ஒதுங்கினார்கள். சேற்றில் ஓடித் திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றியிருந்தவர்களின் முகத்தில் அவன் எதிர்பார்த்தது இல்லை. எல்லாரும் தெளிந்திருந்தார்கள். ஒருவர் வெற்றிலைகூடப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நின்னுபோச்சுடா நைனா," என்றாள் முத்தம்மாள். அழுது முடித்த முகம். "மாரியாத்தா காப்பாத்திட்டா. பாரு, எப்படித் தூங்குறா. தலவலியில கண்ணே மூடாம கெடந்தா. இப்பத்தான் அசந்துட்டா. இந்த வெள்ளத்துல எதுக்கு? ஊட்டுக்குத் தூக்கிக்கினு போலாம். விடிஞ்சா தசமி."

பூவம்மாள் மல்லாந்து கிடந்தாள். வாய் ஓரத்தில் ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. நாக்கைக் கடித்திருந்தாள். மூச்சு குறட்டையாக வந்தது, ஒரு வயதான ஆணின் குறட்டை போல. அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். தோளைப் பிடித்து உலுக்கினான். கன்னத்தில் அறைந்தான்.

"டேய், தூங்குறவள..."

"தூங்கலம்மா," என்றான். "இது தூக்கம் இல்ல."

கைகளை அவளுக்கு அடியில் கொடுத்தான். முத்தம்மாள் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டாள். "நவமிடா. வெறுங்கையிடா." பிறகு என்ன நினைத்தாளோ, பக்கத்தில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து இரண்டு கண்ணாடி வளையலைக் கழற்றினாள். "ஒண்ணே ஒண்ணு. ஒண்ணு போட்டுட்டு இட்டுக்கினு போ. உன்ன நான் தடுக்கல."

அவன் நின்றான். அந்த நேரத்தையும் கொடுத்தான்.

விரல்களைக் குவித்து வளையலை ஏற்றினாள். அது விரல் முட்டியைத் தாண்டவில்லை. பூவம்மாளின் கை ஊறிய மாவு போலிருந்தது. அழுத்திய இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. மறுபடி அழுத்தினாள். வளையல் உடைந்தது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் உடைந்தது. முத்தம்மாள் தன் கையில் இருந்த துண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

சுப்பிரமணி அவளைத் தூக்கினான். நாலு பேர் கைகொடுத்தார்கள். கூட வருகிறேன் என்று முத்தம்மாள் தண்ணீரில் இறங்கினாள்.

"ஆளு ஏறாதீங்க," என்றான் தேசப்பன். "இவங்க ரெண்டு பேரே பாரம்."

நடு ஆற்றில் மழை கனத்தது. தோணியின் பலகையில், தண்ணீரில், அவள் மேல் போட்டிருந்த சாக்கில் எல்லாம் ஒரே சத்தம். குறட்டை கேட்கவில்லை. சுப்பிரமணி அவள் மூக்கருகே காதை வைத்தான். மழைதான் கேட்டது.

"தேசப்பா, கொஞ்சம் நிறுத்து. மூச்சு வருதான்னு பாக்கணும்."

"நிறுத்தினா ஆறு இஸ்துக்கினு பூடும். மூஞ்சியப் பாத்துக்கினு இரு. ஆடாத."

முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழைத்துளி கண்ணில் விழுந்தும் இமை மூடவில்லை. உதடு கோணியது. ஒரு கணம் அவள் ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தான். அப்போது உடம்பு வில்லாக வளைந்தது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. தேசப்பன் தெலுங்கில் கத்தினான். சுப்பிரமணி அவள் கால்களின் மேல் படுத்து அழுத்திக்கொண்டான். அவனுக்கு அடியில் அவள் கால்கள் அடித்துக்கொண்டே இருந்தன. பிறகு நின்றன.

இந்தக் கரையில் நர்சம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். பின்னால் தானியேல், ஆஸ்பத்திரி ஸ்டிரெச்சரோடு. விஷயம் கேட்டுக் கடைத்தெருவிலிருந்து ஓடிவந்த மாமனார் மணவாளன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மகளின் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

தோணி முட்டியதும் நர்சம்மா ஏறினாள். இமையைத் தூக்கிப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். தலையை ஆட்டினாள். உயிர் இருக்கிறது. பிறகு பையிலிருந்து ஒரு மரக்குழலை எடுத்தாள். வயிற்றில் ஒரு முனையை வைத்து மறுமுனையில் காதை வைத்தாள்.

"கொடையப் புடிங்க."

தானியேல் குடையை விரித்துப் பிடித்தான். நர்சம்மா கண்ணை மூடிக்கொண்டாள். குழலைக் கொஞ்சம் கீழே நகர்த்தினாள். கேட்டாள். இடது பக்கம் நகர்த்தினாள். வெகுநேரம் கேட்டாள். மணவாளன் பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்.

அவள் நிமிர்ந்தாள். குழலைத் துடைத்துப் பையில் வைத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தூக்குங்க. பெரிய உசுரயாச்சும் பாப்போம்."

"சின்னது?" என்றார் மணவாளன்.

அவள் அதற்குள் கரையேறி நடக்க ஆரம்பித்திருந்தாள். சுப்பிரமணி தலைப்பக்கம் பிடித்தான். தானியேல் கால்பக்கம் பிடித்தான்.